300 மீட்டர் சரளைப் பாதை, ஒரு பழைய பாப்கேட்: எந்த அட்டாச்மென்ட் வாங்குவது?

#1 கவார்த்தாக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ஒன்டாரியோவில் கவார்த்தா லேக்ஸ் பக்கம், லிண்ட்ஸேயிலிருந்து அரை மணி தூரத்தில் போன வருடம் வீடு வாங்கினோம். மெயின் ரோட்டிலிருந்து வாசல் வரை 300 மீட்டர் சரளைப் பாதை, அகலம் மூன்றரை மீட்டர். பழைய ஓனர் தன்னுடைய பாப்கேட்டையும் (முன்னால் பக்கெட்டோ வேறு அட்டாச்மென்ட்டோ மாட்டும் குட்டி லோடர், ஸ்கிட் ஸ்டியர் என்பார்கள்) சேர்த்தே விற்றுவிட்டுப் போனார். டயர் வண்டி, கால் பெடல் கன்ட்ரோல், அட்டாச்மென்ட்டுக்குப் போகும் ஹைட்ராலிக் எண்ணெய் சாதாரண ஃப்ளோதான், நிமிடத்துக்கு 60 லிட்டர் சொச்சம். பல் வைத்த பக்கெட் ஒன்று, பல் இல்லாதது ஒன்று.

பனி உருகிய பிறகு பாதையைப் பார்த்தால் அழுகை வருகிறது. பதினான்கு குழி எண்ணினேன். தபால் பெட்டி தாண்டி வரும் வளைவில் தகரக் கூரை மாதிரி அலை அலையாக இருக்கிறது, காரில் போனால் பல் ஆடுகிறது. நடுவில் புல் முளைத்துவிட்டது. சரளையில் பாதி ரெண்டு பக்கப் புல்தரையில் கிடக்கிறது, அது என் கைங்கரியம், குளிர்காலம் முழுக்க பக்கெட்டை வைத்துத்தான் ஸ்னோ தள்ளினேன்.

போன கோடையில் பல் இல்லாத பக்கெட்டைத் தரையில் வைத்துப் பின்னாலேயே இழுத்துப் பார்த்தேன். அன்று சாயங்காலம் பாய் விரித்த மாதிரி இருக்கும். இரண்டு மழை பெய்யட்டும், அதே குழி அதே இடத்தில். ஆறு தடவை செய்தேன், ஆறு தடவையும் இதே கதை.

கடைக்காரர் பவர் ரேக் வாங்கு என்கிறார், விலையைக் கேட்டால் இன்னொரு பழைய கார் வாங்கலாம். பக்கத்து நிலத்துக்காரர் பாக்ஸ் பிளேடு என்கிறார். யூடியூபில் எல்லோரும் லேண்ட் பிளேன் என்கிறார்கள். பட்ஜெட் 4,000 டாலர். வீட்டில் சொல்லியிருப்பது 3,000.

#2 வழிப்போக்கன்77

தார் போட்டுவிடுங்கள். வேலை முடிந்தது.

#3 கவார்த்தாக்காரன்

300 மீட்டருக்குத் தார் போட்டால் வீட்டை விற்றுத்தான் பில் கட்ட வேண்டும், வழிப்போக்கரே.

#4 டீசல்புகை

நான் பதினோரு வருடமாக இங்கே லேண்ட்ஸ்கேப்பிங் வேலை பார்க்கிறேன், வருடத்துக்கு இருபது பாதையாவது கை வைப்பேன். நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குழி. நீங்கள் பக்கெட்டால் செய்தது பூசி மெழுகும் வேலை. குழியின் அடி, சக்கரம் ஏறி ஏறி, தண்ணீர் தேங்கித் தேங்கி, சிமெண்ட் தரை மாதிரி இறுகிப் போயிருக்கும். அதற்கு மேல் கொஞ்சம் தூளைத் தள்ளி மூடினால் இரண்டும் ஒட்டாது. அடுத்த மழையில் தண்ணீர் அங்கேயே நிற்கும், கார் சக்கரம் அந்தத் தூளை வெளியே தெறிக்கவிடும், குழி திரும்பக் கண் விழிக்கும். குழி 8 செ.மீ. ஆழம் என்றால் சுற்றியுள்ள பாதையையும் அந்த 8 செ.மீ. வரை கிளறி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, அப்புறம்தான் சமன் செய்ய வேண்டும். எந்த அட்டாச்மென்ட் என்றாலும் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, இது கிளறுமா என்பதுதான். வளைவில் இருக்கும் அலைக்கும் இதே மருந்து.

அடுத்து வண்டி. ஸ்கிட் ஸ்டியர் எப்படிப் பிறந்தது தெரியுமா? 1957-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கெல்லர் சகோதரர்கள் இருவர் ஒரு வான்கோழிப் பண்ணைக்காரருக்காகச் செய்துகொடுத்த குட்டி லோடரிலிருந்து வந்தது. கொட்டகைக்குள் தூண்களுக்கு நடுவே புகுந்து சாணி அள்ள வேண்டும், நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டும், அவ்வளவுதான் தேவை. அதனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி மிகக் குறைவு. திரும்புவதற்கு வரம், ரோடு சமன் செய்வதற்குச் சாபம். முன் சக்கரம் ஒரு மேட்டில் ஏறினால் முன்னால் மாட்டியிருக்கும் பிளேடு அதைவிட அதிகமாகத் தூக்கும், இறங்கினால் குத்தும். நீங்கள் மேட்டை வெட்டுவதாக நினைத்துக்கொண்டு புது அலை உண்டாக்குவீர்கள். ரோடு போடும் மோட்டார் கிரேடரைப் பாருங்கள், பிளேடு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும். காரணம் இதுதான்.

அதனால் என் கணக்கு:

பாக்ஸ் பிளேடு, அதாவது மூன்று பக்கம் அடைத்த பெட்டி மாதிரியான பிளேடு, ட்ராக்டருக்குப் பின்னால் இழுக்க நல்ல சாமான். ஸ்கிட் ஸ்டியரில் முன்னால் மாட்டினால் மேலே சொன்ன தலையாட்டல் அப்படியே பிளேடுக்கு வரும். பழகினவன் கையில் சரி, புதியவருக்கு வேண்டாம்.

லேண்ட் பிளேன்: இரண்டு பக்கமும் நீளமான சறுக்குத் தகடு, நடுவில் குறுக்காகக் கொஞ்சம் சாய்ந்த இரண்டு பிளேடு, மேலே திறந்த சட்டம். வண்டியை ரிவர்ஸில் ஓட்டி இதை இழுக்க வேண்டும். தகடு நீளமாக இருப்பதால் குழிக்கு மேல் பாலம் மாதிரி போகும், மேட்டை மட்டும் பிளேடு சீவும். சரளை பிளேடு மேல் வழிந்து பின்னால் விழுந்து தானாகவே குழியில் நிரம்பும். கிளறும் பல் வைத்த மாடல் மட்டும் பாருங்கள், பல் இல்லாதது விலை குறைவு, பலனும் குறைவு. ஹைட்ராலிக் ஹோஸ் ஒன்றும் வேண்டாம், கெட்டுப்போகவும் ஒன்றுமில்லை.

பவர் ரேக்: கார்பைடு முள் பதித்த உருளை சுற்றும், புல்லை வேரோடு பிடுங்கும், இறுகிய மேல் பரப்பை உடைக்கும், புல்தரையில் கிடக்கும் சரளையைத் திரும்பப் பாதைக்கு ஒதுக்கும். உங்கள் ஃப்ளோவுக்கு ஓடும் மாடல் கிடைக்கும். வேலையில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை, ஆனால் சொந்தப் பாதை ஒன்றுக்காக அதை வாங்குவது கல்யாணத்துக்கு ஒரு நாள் ஊர்வலம் போக யானை வாங்குவது மாதிரி. வருடத்துக்கு ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள்.

எது வாங்கினாலும் அகலம் உங்கள் டயரின் வெளிப்பக்கத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் சமன் செய்த இடத்தில் உங்கள் டயரே கோடு போட்டுவிட்டுப் போகும்.

#5 பனங்காய்

டீசல்புகை அண்ணை சொன்னதில் பாதி சரி, ஆனால் ஒரு பெரிய விசயத்தை விட்டுவிட்டார். நான் பீற்றர்பரோ பக்கம் 12 ஏக்கர் காணியில் இருக்கிறேன், எங்கட ஒழுங்கை 400 மீட்டர். சின்ன ட்ராக்டர் ஒன்றும் ஏழு வருடப் பழைய லேண்ட் பிளேனும்தான் என்னிடம் இருக்கு.

சாதாரண ஸ்கிட் ஸ்டியரில் பிளேடைப் பக்கவாட்டில் சாய்க்க முடியாது. முன்னுக்குப் பின் மட்டும்தான் சாயும். ட்ராக்டரில் பின்னால் உள்ள ஒரு பக்கக் கையைச் சுற்றிக் கட்டையாக்கினால் லேண்ட் பிளேன் ஒரு பக்கம் சரிந்து நிற்கும், அப்படியே இழுத்தால் பாதைக்கு நடு முதுகு, அதாவது நடு உயர்ந்து ஓரங்களுக்குச் சரியும் வடிவம், வந்துவிடும். நடு முதுகு இல்லாத பாதையை எவ்வளவு வடிவாகச் சமன் செய்தாலும் பிரயோசனம் இல்லை, மழைத்தண்ணி நடுவில்தான் நிற்கும். தம்பி, அந்தப் பாப்கேட்டை வித்துப்போட்டு ஒரு ட்ராக்டர் வாங்கலாம்.

#6 டீசல்புகை

பனங்காய் அண்ணே, முதுகு விஷயம் நூற்றுக்கு நூறு சரி, நான் எழுத மறந்துவிட்டேன். ஆனால் வண்டியை விற்கச் சொல்வது டூ மச். ஸ்னோ, விறகு, மண், எல்லாவற்றுக்கும் அவருக்கு அது வேண்டும்.

ஸ்கிட் ஸ்டியரிலும் முதுகு எடுக்கலாம். ஓரத்திலிருந்து நடுவுக்குச் சரளையைக் கொண்டுவரும்படி நாலைந்து தடவை இழுங்கள், பிளேடின் சாய்வே மெல்ல ஒரு பக்கமாக நகர்த்திக் கொடுக்கும். நடுவில் கொஞ்சம் உயரம் வந்ததும், ஒரு பக்கச் சக்கரம் அந்த உயரத்திலும் மறு பக்கச் சக்கரம் ஓரத்திலும் வரும்படி ஓட்டினால் வண்டியே சாய்ந்து நிற்கும், பிளேடும் கூடவே சாயும். கடைசியில் நடுவில் இன்னும் ஒரே ஒரு இழுப்பு என்று ஆசைப்பட்டு நேராக இழுத்து முதுகைச் சீவிவிடாதீர்கள், நான் முதல் வருடம் செய்த தப்பு.

கணக்கு: சரளை ரோட்டுக்குப் பொதுவாக 4 சதவீதச் சரிவு சொல்வார்கள். மூன்றரை மீட்டர் பாதையில் நடுவிலிருந்து ஓரம் வரை 1.75 மீட்டர். அதில் 4 சதவீதம் என்றால் நடு, ஓரத்தைவிட 7 செ.மீ. உயரம். ஒரு நேர்ப் பலகையும் மட்டக்கோலும் வைத்து இரண்டு மூன்று இடத்தில் அளந்து பாருங்கள், கண்ணால் பார்த்தால் எல்லாமே சரியாக இருக்கிற மாதிரிதான் தெரியும்.

#7 ஏரிக்கரை_வீடு

நாலு பேரும் இரும்பைப் பற்றியே பேசுகிறீர்கள், தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கவார்த்தாக்காரரே, பாதைக்கு இரண்டு பக்கமும் வாய்க்கால் இருக்கிறதா? பாதைக்குக் குறுக்கே குழாய் போட்ட இடம் உண்டா? பதினான்கு குழியில் எத்தனை ஒரே இடத்தில் கூட்டமாக இருக்கிறது? நான் ஐந்து வருடம் மேட்டைச் சீவிக்கொண்டே இருந்தேன், கடைசியில் பார்த்தால் ஸ்னோ தள்ளித் தள்ளிப் பாதை ஓரத்தில் வரப்பு மாதிரி ஒரு திட்டு உண்டாகி, அதில் புல்லும் முளைத்து, தண்ணீர் வாய்க்காலுக்குப் போகவே வழியில்லாமல் பாதையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை மண்வெட்டியால் பத்து மீட்டருக்கு ஒரு இடத்தில் அந்த வரப்பை வெட்டிவிட்டேன். அந்த வருடம் குழி பாதியாகக் குறைந்தது. அட்டாச்மென்ட் செலவு பூஜ்யம்.

வாய்க்காலைப் புதிதாகத் தோண்டுவதென்றால் முதலில் ஒன்டாரியோ ஒன் கால் (Ontario One Call) சேவைக்குச் சொல்லி, புதைத்திருக்கும் கேபிள், கேஸ் லைன் குறித்துக்கொள்ளுங்கள். காசு கிடையாது.

#8 கவார்த்தாக்காரன்

அக்கா, நீங்கள் சொன்ன வரப்பு இங்கேயும் இருக்கிறது, இரண்டு பக்கமும். அது பாதையின் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். குறுக்கே ஒரு குழாய் உண்டு, பாதி வழியில். ஐந்து குழி அதற்குப் பக்கத்தில்தான்.

இன்னொரு கேள்வி. புதிதாகச் சரளை எவ்வளவு வேண்டும்? எந்தக் கல்?

#9 செம்மண்ரோடு

நான் பொள்ளாச்சியில் வண்டி வாடகைக்கு விடுபவன், தென்னந்தோப்பு ரோடு நிறைய போட்டிருக்கிறேன், ஸ்னோவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே எல்லா மண் வண்டியும் ஜேசிபி, எல்லா ஸ்கிட் ஸ்டியரும் பாப்கேட், கம்பெனி எதுவாக இருந்தாலும்.

கல் விஷயத்தில் ஊர் மாறினாலும் ஒரே சட்டம்தான். கழுவின ஜல்லியை மட்டும் கொட்டினால் கோலிக்குண்டு மேல் நடக்கிற மாதிரி, ஒன்றையொன்று பிடிக்காது. உருண்டையான ஆற்றுக் கூழாங்கல் அதைவிட மோசம். கிரஷரில் உடைத்த, மூலை உள்ள கல்லும், அதோடு தூளும் கலந்து வர வேண்டும். நாங்கள் வெட் மிக்ஸ் என்போம். தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டினால் கல் இடுக்கில் தூள் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளும்.

#10 டீசல்புகை

இங்கே அதற்குப் பெயர் கிரானுலர் ஏ. முக்கால் இஞ்சும் அதற்குக் கீழும் தூளும். அடியில் போடும் பெரிய கல் கிரானுலர் பி, மேலே அதைப் போடாதீர்கள்.

5 செ.மீ. கனத்துக்கு: 300 × 3.5 × 0.05 = 52.5 கன மீட்டர். இறுகிய பிறகு கன மீட்டருக்கு 2.2 டன் என்று போட்டால் 115 டன். பெரிய டிப்பர் ஒன்றுக்கு இருபது டன் சொச்சம், அதாவது ஐந்தாறு லோடு. ஆனால் இப்போதே ஆர்டர் செய்யாதீர்கள். ஒன்று, மார்ச், ஏப்ரலில் இங்கே கிராமத்து ரோடுகளில் அரை லோடு விதி இருக்கும், உறை உருகி ரோடு இளகியிருக்கும் காலம் என்பதால் முழு லோடு வண்டி வராது, அரை அரையாக வந்தால் வாடகை உங்கள் தலையில். இரண்டு, புல்தரையில் கிடக்கும் உங்கள் சரளையை முதலில் மீட்டெடுங்கள். பாதி லோடுக்கு மேல் அங்கேயே கிடைக்கும்.

#11 பனங்காய்

ரோலர் மறக்க வேண்டாம். ஸ்கிட் ஸ்டியருக்கு வைப்ரேட்டரி ரோலர் அட்டாச்மென்ட் வாடகைக்கு வரும். இல்லாவிட்டால் லேசாக மழை பெய்த அடுத்த நாள் காரையும் ட்ரக்கையும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு தடத்தில் ஓட்டினாலும் ஓரளவு இறுகும். நான் அப்படித்தான், மனுசி என்னைப் பைத்தியம் என்கிறா.

#12 கவார்த்தாக்காரன்

(மே மாதம்)

சரி, செய்தேன். விவரமாக எழுதுகிறேன், அடிவாங்கிய இடங்கள் உட்பட.

வெள்ளிக்கிழமை பவர் ரேக் ஒரு நாள் வாடகை. வாடகைக் கடையில் ஏற்றிவிட்டார்கள், வீட்டுக்கு வந்து மாட்டினால் ஹோஸ் உள்ளே போகவில்லை. அரை மணி நேரம் முழங்காலில் உட்கார்ந்து தள்ளினேன், உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். அட்டாச்மென்ட் வெயிலில் கிடந்து ஹோஸுக்குள் எண்ணெய் சூடேறி அழுத்தம் ஏறியிருந்தது. நிழலில் தள்ளிவைத்து டீ குடித்துவிட்டு வந்து தள்ளினேன், டக்கென்று உட்கார்ந்தது. உருளையில் ஒரு வரிசை முள் மொட்டையாகத் தேய்ந்திருப்பதை அப்புறம்தான் பார்த்தேன். வாங்கும்போதே பார்த்து ஒரு போட்டோ எடுத்திருக்க வேண்டும், திருப்பிக் கொடுக்கும்போது அதைப் பற்றி ஒரு சண்டை வேறு.

புல்தரையில் அது செய்த வேலையைப் பார்க்க வேண்டுமே. சீப்பு போட்டு வாரின மாதிரி சரளை வரிசையாக ஒதுங்கி வந்தது. நடுப் புல் வேரோடு போயிற்று. உற்சாகத்தில் பாதை நடுவே, ரேக் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதை நிறுத்தும் ஆழச் சக்கரத்தை இன்னும் இரண்டு துளை மேலே ஏற்றிவிட்டேன். இருபது மீட்டர் போவதற்குள் முஷ்டி அளவுக் கல்லெல்லாம் மேலே வர ஆரம்பித்தது, அடிக்கல். இறங்கி அத்தனையையும் கையால் பொறுக்கிப் பக்கெட்டில் போட்டேன். அன்று ராத்திரி முதுகு என் பேச்சைக் கேட்கவில்லை.

சனிக்கிழமை லேண்ட் பிளேன். பழையது, ஆறடி, கிளறும் பல்லோடு 2,100 டாலருக்கு ஒரு விவசாயியிடம் வாங்கினேன். முதல் இரண்டு மணி நேரம் வெறும் கோமாளித்தனம். லிஃப்ட் கையைக் கீழே அழுத்தியபடி இழுத்தால் முன் சக்கரம் தூக்குகிறது, ஸ்டியரிங்கே இல்லாத மாதிரி வண்டி அலைகிறது.

#13 டீசல்புகை

ஃப்ளோட்டில் போடவில்லையா? உங்கள் வண்டியில் இடது பெடலின் நுனியைக் கடைசி வரை அழுத்தினால் ஒரு இடத்தில் பிடித்துக்கொள்ளும். அதுதான் ஃப்ளோட். லிஃப்ட் கை தன் பாட்டுக்கு ஏறி இறங்கும், அட்டாச்மென்ட் தன் எடையிலேயே தரையோடு போகும்.

#14 கவார்த்தாக்காரன்

ஆமாம், மதியம்தான் மேனுவலில் பார்த்தேன். க்ளிக் என்று பெடல் உட்கார்ந்த பிறகு வேறு வண்டி மாதிரி ஆகிவிட்டது. வலது பெடலால் சட்டத்தை ஒரு விரற்கடை முன்னே சாய்த்தால் ஒரு பிளேடு அதிகம் வெட்டுகிறது, பின்னே சாய்த்தால் மற்றது. அந்த ஒரு விரற்கடைக்குள்தான் முழு வித்தையும். வேகமாகப் போனால் எல்லாம் குதிக்கிறது, நடக்கிற வேகத்தில் போனால் பிளேடு மேல் சரளை அலையாகச் சுருண்டு விழுவதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போகலாம். கழுத்துதான் போயிற்று, ஆறு மணி நேரம் பின்னாலேயே பார்த்து ஓட்டியது.

ஒன்று எழுத மறந்தேன்: கடைசியில் நின்ற இடத்திலேயே வண்டியைத் திருப்பாதீர்கள். அழகாக முடித்த இடத்தில் டயர் தேய்த்து இரண்டு தொட்டி பறித்துவிட்டது. இப்போது வாசல் பக்கம் புல்லில் ஏறித் திரும்புகிறேன்.

நடு முதுகு 5 செ.மீ. வந்தது, 7 வரவில்லை. இரண்டு லோடு கிரானுலர் ஏ மட்டும் வாங்கினேன், மீதி என் புல்தரை கொடுத்தது.

#15 பனங்காய்

கெட்டிக்காரன். ட்ராக்டரில் என்றால் 7 வந்திருக்கும், அது வேற கதை.

ஸ்னோவுக்கு ஒரு யோசனை சொல்லுறன். இந்தக் குளிரில் திரும்பச் சரளையைப் புல்லுக்குத் தள்ளாமல் இருக்க, ஒரு இரும்புக் குழாயை நீளவாக்கில் ஒரு கோடு வெட்டிப் பக்கெட்டின் வெட்டும் விளிம்பில் செருகிவிடுங்கோ. உருண்டையான விளிம்பு சரளையில் குத்தாது, மேலே சறுக்கிக்கொண்டு போகும். தரை வடிவாக உறையும் வரை அது இருக்கட்டும், பிறகு கழற்றலாம்.

#16 வழிப்போக்கன்77

இவ்வளவு வேலைக்குத் தார்தான் மலிவு.

#17 ஏரிக்கரை_வீடு

வழிப்போக்கரே, போய் டீ குடித்துவிட்டு வாருங்கள்.

கவார்த்தாக்காரரே, இரண்டு நாளாக நல்ல மழை. பதினான்கில் எத்தனை திரும்பி வந்தது?

#18 கவார்த்தாக்காரன்

மூன்று. மூன்றும் குறுக்குக் குழாய்ப் பக்கம். நீங்கள் கேட்டதும் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பாதைக்கு மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, குழாயின் மறு வாயில் சொட்டுக்கூட வரவில்லை. மேல் பக்கத்து வாயை வாய்க்காலில் கையை விட்டுத் தேடித்தான் கண்டுபிடிக்க முடிந்தது. காய்ந்த இலை கொஞ்சம், மீதியெல்லாம் சரளை. குளிர்காலத்தில் நான் ஸ்னோவோடு சேர்த்து அங்கேதான் தள்ளிக் குவித்திருக்கிறேன்.

மண்வெட்டியால் தோண்டினேன். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் நாலு நடை என் சொந்தச் சரளை வந்தது, அதையே அந்த மூன்று குழிப் பக்கம் கொட்டி வைத்திருக்கிறேன். தண்ணீர் இப்போது குழாய் வழியாகப் போகிறது. மழை விட்டு ஒரு நாள் காயட்டும், பல்லை இறக்கிக் கிளறிவிட்டு இழுக்கிறேன்.